கூறைப்புடவைக்கு விலை போட்ட விதம்

மயிலாடுதுறை
கார்த்திகை 9

அன்பு மகள் பூமிகாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஒரு வாரமாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நம் சம்பா வயலில் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது, பயிருக்குச் சேதமில்லை, வடிகாலில் இருக்கிற ஆகாயத்தாமரையைத்தான் இன்னும் யாரும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தைலத்தாலா மாத்திரையாலா என்பதில் அவளுக்கும் டாக்டருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. போன வாரம் போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். பழைய துணிக்கு நாங்கள் எதை வைத்து விலை போடுகிறோம் என்பது ஒன்று, நீ கொடுத்துவிடச் சொன்ன கூறைப்புடவை என்ன ஆயிற்று என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்கிற நீளம் இல்லை, பக்கத்தில் அம்மாவும் இருந்தாள், அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கடைக்கு யோசனை சொன்னவளே நீதான். அங்கே ஸ்காட்லாந்தில், உங்கள் டண்டீயில் ஜனங்கள் பழைய துணியைக் கடைக்குக் கொடுக்கிறார்கள், கடை அதை விற்று நல்ல காரியத்துக்குச் செலவழிக்கிறது, உன் குளிர்கோட்டே அப்படி வாங்கியதுதான் என்று சொன்னாய். நம் ஊர் காது கேளாத பிள்ளைகள் பள்ளியின் வேனுக்கு டீசல் போட வழியில்லாமல் இருந்த கமிட்டியிடம் அதை நான் சொல்லப்போய், கூறைநாட்டில் ஒரு சைக்கிள் கடை காலியான இடத்தை வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள். பேப்பரிலிருந்து ஓய்வு பெற்ற ரிப்போர்ட்டர் சும்மாதானே இருக்கிறார் என்று விலைச்சீட்டு ஒட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். விலை போடுகிற வேலையைக் கமிட்டித் தலைவர் ஜெயபால் எடுத்துக்கொண்டார். அவர் ரைஸ்மில் வைத்திருப்பவர். மில்லிலிருந்து ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்து, எந்தத் துணியானாலும் கிலோ இவ்வளவு என்று போர்டு எழுதிவிட்டார். பொருள் என்றால் எடை, இதில் யோசிக்க என்ன இருக்கு சார் என்றார். ஷிபானும் ஜார்ஜெட்டும் முதல் நாள் மத்தியானத்துக்குள் போய்விட்டன. ஜீன்ஸும் ஜமக்காளமும் அப்படியே இருந்தன. பிறகு மழை பிடித்துக்கொண்டது. துணி ஈரம் வாங்கி எடை கூடிவிட்டது என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். ஜெயபாலுக்கு அது நியாயமாகப் பட்டது, கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்துக் கழிக்கிற மாதிரி இங்கேயும் கழிவு கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஈரம் என்றார்கள். நல்ல வெயில் நாளிலும் ஈரமாகவே இருந்தது. தராசு மில்லுக்குத் திரும்பிப் போயிற்று.

அதன் பிறகுதான் ரசியா பேகம் வந்தார், காலேஜில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வந்து முதலில் செய்தது வாசலில் இலவசம் என்று எழுதி வைத்திருந்த மேஜையைக் கவனித்தது. கொஞ்சம் சாயம் போன துணிகளை அதில் போட்டிருந்தோம், ஒரு மாதமாக ஒருவரும் தொடவில்லை. இலவசம் என்பதை அழித்துவிட்டு எது எடுத்தாலும் பத்து ரூபாய் என்று எழுதினார். மேஜை காலியாயிற்று. மறுநாளே ஒரு அம்மாள் வந்து பத்து ரூபாய்ச் சட்டைக்குக் கை நீளம், மாற்றிக் கொடு என்று அதிகாரமாகக் கேட்டார். ரசியா பேகம் மாற்றிக் கொடுத்துவிட்டு, இப்பத்தான் சார் இது கடை என்றார். அவர் போட்ட கணக்கு இதுதான். கிழிசலும் கறையும் இல்லாத துணிக்குப் புதிதின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் என்ன கோளாறோ என்று சந்தேகப்படுவார்கள், மேலே போனால் இதற்குப் புதிதே எடுக்கலாம் என்று போய்விடுவார்கள். ரவிக்கைக்கு விலை கிடையாது, அது ஒருத்திக்கு அளவெடுத்துத் தைத்தது, புடவையோடு சும்மா போகும். மூன்று வாரத்தில் விற்காததற்குப் பாதி விலை. அப்போதும் போகாவிட்டால் வாசல் மேஜை.

இந்தக் கணக்கு சரியாகத்தான் ஓடியது. ஆனால் இங்கே வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறார்கள், உங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இது இருக்கறவங்களதா இல்லாதவங்களதா என்று கேட்பார்கள். அலமாரியைக் காலி செய்து கொடுப்பதில் பாதிப் பேர் கருமாதி முடிந்த வீட்டுக்காரர்கள், அதனால் கேள்வி நியாயமானதுதான். கேட்டால் உண்மையைச் சொல்வது, கேட்காவிட்டால் சொல்லாமல் இருப்பது, இல்லாதவர்கள் துணி என்று தெரிந்தும் எடுக்கிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுப்பது என்று ரசியா பேகம் முடிவு செய்தார். கீழ்வேளூரில் காலமான ஒரு வாத்தியாரின் பிள்ளை, அவருக்கு மரியாதை செய்து கொடுத்த வேட்டிகளை மடிப்புக் கலையாமல் ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். அவர் ஒரு தடவைகூடக் கட்டாத வேட்டியை இல்லாதவருடையது என்று குறைப்பதா என்று கமிட்டியில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். கட்டாதது இன்னமும் கடைக்காரருடையதுதான் என்று ரசியா பேகம் சொல்ல, முழு விலைக்குப் போயிற்று.

உன் கூறைப்புடவையை நான் எடுத்துப் போனபோது யாருடையது என்று அவர் கேட்டார், சொன்னேன். கல்யாண அலமாரியைக் காலி செய்யச் சொல்கிறாள், சும்மா கொடுக்காமல் விலை போட்டு விற்கச் சொல்கிறாள் என்றேன். நீங்க அப்பா, நீங்க விலை சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு அவரே இரண்டாயிரத்து இருநூறு என்று போட்டார். பழைய பட்டு வாங்கி ஜரிகையை உருக்குகிற ஆள் ஆயிரத்து நூறுக்குக் கேட்டார், தரவில்லை. அதன் பிறகு கேட்பார் இல்லை. இந்தத் திங்கட்கிழமையோடு மூன்று வாரம், பாதி விலைச் சீட்டு ஒட்ட வேண்டும். அதை வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். சனிக்கிழமை காலையில் அவளும் என்னோடு கடைக்குக் கிளம்பினாள், ஒரு பையையும் எடுத்துக்கொண்டாள். புடவையை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரத்தான் வருகிறாள் என்று புரிந்தது.

இந்த இரண்டு வருடமாக அம்மா உன் விஷயத்தை எப்படி வைத்திருந்தாள் என்று உனக்குத் தெரியும். உன் சித்தப்பா வீட்டு வளைகாப்புக்கு நீ வருகிறேன் என்றபோதுகூட, தனியாக வந்து நின்றால் கேட்பார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்று அவள்தான் நிறுத்தினாள். நீயும் அதற்குப் பிறகு வருகிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டாய். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று தெருவில் சொல்ல ஆரம்பித்தாள், லீவு ஏன் இல்லை என்று கேட்டதற்குப் பதவி உயர்வு என்றாள், பிறகு இன்னொரு பதவி உயர்வு. அம்மா சொன்ன வரிசைப்படி பார்த்தால் அவர் இப்போது அந்தக் கம்பெனியில் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும்.

நாங்கள் கடைக்குள் போனபோது உன் புடவை ஏற்கனவே ஒரு அம்மாள் கையில் இருந்தது. ஈஸ்வரி என்று பெயர், நன்னிலம் பக்கம், குத்தகைக்கு நெல் போடுகிற குடும்பம், தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இருக்கறவங்களதா என்று கேட்டாள். இருக்காங்க என்றார் ரசியா பேகம். புருஷன் என்று கேட்டாள். அவரும் இருக்கார் என்றார். ஈஸ்வரி அதோடு விட்டிருக்கலாம். சேர்ந்துதான் இருக்காங்களா டீச்சரம்மா என்று கேட்டாள். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது விதி, இல்லம்மா, தனித்தனியா நல்லா இருக்காங்க என்று சொன்னார். ஈஸ்வரி புடவையைக் கீழே வைக்கவில்லை. அப்ப செத்தவங்க புடவைக்குக் குறைக்கிற மாதிரி இதுக்கும் குறைச்சுக்குங்க, தாலி நிக்காத புடவைதானே என்றாள். நான் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பையோடு அவள் முன்னால் போய் நின்றாள். செத்தவங்க கணக்குல ஏன் சேர்க்கறீங்க, இது என் பொண்ணோட புடவை, பிரிஞ்சு வந்துட்டா, ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறா, நல்லா இருக்கா, புடவை எங்க கிழிஞ்சிருக்கு காட்டுங்க, அப்புறம் விலையைப் பேசலாம் என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடையில் துணி புரட்டிக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்டது, அதில் இரண்டு பேர் நம் தெரு.

ஈஸ்வரி நிஜமாகவே புடவையை வாசல் வெளிச்சத்தில் பிரித்து ஒரு கரையிலிருந்து மறு கரை வரை பார்த்தாள். கிழிசல் இல்லை. மடித்துக்கொண்டே, சொந்தச் சம்பாத்தியமா அக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அம்மா. அந்த வீட்டுக்காரங்க சமாதானத்துக்கு வரலையா என்றாள். வந்தாங்க, இவர் வெளியூர் போயிருந்தப்ப ரெண்டு தடவை வந்தாங்க, அவ கஷ்டப்பட்டது போதும், அனுப்ப மாட்டேன்னு நான்தான் சொல்லிட்டேன் என்றாள் அம்மா. முப்பத்தைந்து வருடம் மாவட்டம் முழுக்கச் செய்தி சேகரித்தவன் நான். இது என் வீட்டுக் கூடத்தில் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

முகூர்த்தத்துக்கு வேண்டாம், சம்பந்தி வீட்டில் பேச்சு வரும், மறுவீட்டுக்குக் கட்டட்டும் என்று ஈஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முழுப் பணத்தையும் எண்ணி வைத்தாள். ரசியா பேகம் பில் போட்டார். அம்மா கொண்டுபோயிருந்த பையிலேயே புடவையைப் போட்டுக் கொடுத்து, நிழலில் காயப்போடச் சொன்னாள். எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று என்னைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அனுராதாவிடம் சுவர் ஓரம் நின்று அவளே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அனுராதா, எங்களுக்குப் போன வருஷமே தெரியும்க்கா, நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம் என்றாள். தெரியுமென்றதற்கு அம்மா வருத்தப்படவில்லை. அப்ப ரெண்டாவது பதவி உயர்வையாவது நிறுத்தியிருக்கலாம்ல என்றுதான் கேட்டாள். சாப்பிட்டுக் கை கழுவின பிறகு உன் சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் மகன் ராஜராஜன் கல்யாணத்துக்கு நம் வீட்டிலிருந்து மூன்று பேர், பூமிகா தனியாகத்தான் வருவாள், யாராவது ஏதாவது கேட்டால் என்னிடம் அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதனால் தை பன்னிரண்டுக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி லீவு சொல்லிவிடு. திருச்சிக்கு டிக்கெட் போடு, சென்னைக்குப் போட்டால் அங்கிருந்து ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். விலை ஏறுவதற்கு முன்னால் போடு. தலைக்கு நனையாமல் வேலைக்குப் போ, ராத்திரி வேலை இருக்கிற நாளில் சாப்பிடாமல் தூங்காதே. உன் மனம் போல எல்லாம் நல்லபடியாக அமைய அம்மாவும் நானும் மயூரநாதரை வேண்டிக்கொள்கிறோம், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

மறக்காமல் ஒன்று. உன் அலமாரியில் இப்போது புடவையே இல்லை, கல்யாணத்துக்குக் கட்ட ஒன்று எடுக்க வேண்டும், என்ன நிறம் என்று அம்மா கேட்கச் சொன்னாள். என்னிடம் சொல்லாதே, அவளையே கூப்பிட்டுச் சொல்.

இப்படிக்கு
உன் அப்பா
துரைராசு