மூன்றாம் தூண்

மார்ச் 12, வியாழன்

வெள்ளவத்தை மாடிவீட்டின் மூன்றாம் தூணில் வெடிப்பு இன்று விரல் நுழையும் அளவுக்கு வந்துவிட்டது. பழசைக் கொத்தி, சுற்றிலும் கம்பி கட்டி, புதுக் கொங்கிறீற் உறை போட வேண்டும். கொத்தும்போது தூண் இன்னும் மெலியும். முட்டுக் கொடுத்தாலும் மேலே ஆட்கள் இருக்கக்கூடாது.

வேலை முடியும்வரை, பத்து நாள், குடியிருப்பவர்களை வெளியே தங்கச் சொன்னேன். முதல் மாடி ரீச்சர் மறுத்துவிட்டார்.

"எங்க போறது தம்பி? கொழும்பில தமிழாக்கள் பொலிஸில பதிஞ்ச வீட்டிலதான் படுக்கலாம், எங்கட பதிவு இந்த வீட்டுக்குத்தான். தெஹிவளையில தங்கச்சி வீட்டில படுத்ததுக்கு மகனை மூண்டு நாள் உள்ளுக்க வைச்சிருந்தவங்கள்."

"தூண் விழுந்தால், ரீச்சர்?"

"தூண் விழுமோ விழாதோ தெரியாது. அவங்கள் கட்டாயம் வருவாங்கள்."

அவர்கள் பத்து நாள் வேறிடத்தில் தங்க ஒரு அனுமதிக் கடிதம் கேட்கலாமென்று பொலிஸுக்குப் போனேன். என் அடையாள அட்டையை வாங்கி, நான் எங்கே பதிந்திருக்கிறேன் என்று சிங்களத்தில் விசாரித்தார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

பின்னேரம் முட்டுகளை நிறுத்தும்போது ரீச்சர் தேத்தண்ணியோடு இறங்கி வந்தார்.

"கொத்தேக்க சொல்லுங்கோ தம்பி. தூணுக்கு மேல இருக்கிற அறையில படுக்காமல் விடுறம்."

"சரி ரீச்சர்" என்றேன். அந்தத் தூண் போனால் எந்த அறையும் மிஞ்சாது.