அப்பா, இந்த வருஷம் யார் பெயரும் போடவில்லை

காலைக் காப்பி கைக்கு வந்ததும் பேப்பரில் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தை முதலில் திருப்பும் என் அருமை அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று உங்களிடம் கேட்பது பைத்தியக்காரத்தனம். கை தானாக எழுதிவிட்டது. நாங்கள் சௌக்கியம் என்று எழுதினால் அதுவும் முழு உண்மையில்லை. குழம்பிப் போயிருக்கிறேன் அப்பா. இந்த மாதம் உங்கள் மூன்றாம் ஆண்டு நினைவு நாள். அஞ்சலியில் என்ன போடுவது என்று எனக்கும் அம்மாவுக்கும் நான்கு நாளாகச் சண்டை.

முதலில் ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் மறுபடி படிக்கப் போகிறேன், இந்த வயதில். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் வகுப்பு. சைபர் செக்யூரிட்டி வேலைக்கான பயிற்சி. அதில் ஓசின்ட் என்று ஒரு பாடம் இருக்கிறது. யார் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைய வேண்டாம், எதையும் உடைக்க வேண்டாம். இணையத்தில் ஊரறியக் கிடப்பதைப் பொறுக்கிச் சேர்த்தாலே ஒரு ஆளைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று பார்ப்பது. திருடன் பார்ப்பதற்கு முன்னால் நாம் பார்த்து ஓட்டையை அடைக்க வேண்டும், அதுதான் வேலை.

"அடுத்தவங்க விஷயத்தை நோண்டறதுக்கு ஒரு கோர்ஸா? நம்ம தெருவுல அதை ஃப்ரீயாவே பண்றாங்களே" என்றாள் அம்மா.

இரண்டாவது வாரம் எங்களை ஜோடி சேர்த்தார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தேட வேண்டும். எனக்கு வாய்த்தவள் பள்ளிக்கரணையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு பெண். நான் என் கணக்கையெல்லாம் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், என் போட்டோகூட எங்கும் கிடையாது, பாவம் தேடித் தேடிச் சலித்துப் போவாள் என்று எனக்கு ஒரு மிதப்பு. டீ வருவதற்கு முன்னாலேயே மூன்று பக்கம் எழுதி நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எல்லாமே ஒரே எடத்துல இருந்துச்சு."

அந்த ஒரே இடம் நீங்கள்தான் அப்பா. உங்கள் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. நானே ராத்திரி பகலாக டிசைன் செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டு, எல்லோரும் ஷேர் பண்ணுங்கள் என்று கெஞ்சியது. உங்கள் பிறந்த தேதி, அம்மாவின் பெயர், பிள்ளைகள் எல்லோரின் பெயர், மாப்பிள்ளைகள் எங்கே என்ன வேலை, பேரப்பிள்ளைகள் எந்தப் பள்ளி, நம் சபை, வீட்டுப் பெயர், கதவு எண். கடைசியில் 'தொடர்புக்கு' என்று அம்மாவின் போன் நம்பர். என் பேங்க் கேட்கும் ரகசியக் கேள்விக்குப் பதிலும் அதில் இருந்தது.

இது என் தப்பு மட்டுமா, சொல்லுங்கள். நீங்கள் போட்ட சட்டம்தானே? தாத்தாவின் அஞ்சலியில் சின்னச் சித்தி பெயர் விட்டுப்போய், இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் நம் வாசப்படி மிதிக்கவில்லை. "எனக்குப் போடும்போது ஒருத்தர் பேரும் விடாதீங்கடி, பெட்டியிலேர்ந்து எழுந்து வந்துடுவேன்" என்று எத்தனை தடவை மிரட்டியிருக்கிறீர்கள்! அதற்குப் பயந்துதான் அந்த வருஷம் பிறந்த குழந்தை வரைக்கும் சேர்த்தேன்.

வகுப்பு எடுக்கிற சார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கே எடுத்துடுங்க மேடம்" என்றார். தலையாட்டினேன். எடுக்கவில்லை. அதில் உங்கள் சிரித்த போட்டோ இருந்தது. அதற்குக் கீழே, உங்களோடு வேலை பார்த்தவர்கள், வாலிபர் கூட்டத்தில் உங்களோடு பாடியவர்கள், யார் யாரோ எழுதியிருந்தார்கள். எப்படி அப்பா என் கையால் அழிப்பேன்? நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம் அந்த போன் வந்தது.

காலை பத்து மணி. அம்மா வீட்டில் தனியாக இருந்தாள். பெரிய மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பன் என்று ஒருவன் பேசினான். கேளம்பாக்கம் சிக்னலில் விபத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கள் ஆன்ட்டி என்றிருக்கிறான். அம்மா தயங்கியதும் நம் வீட்டுப் பெயரைச் சொன்னான், சபையைச் சொன்னான், பிள்ளைகளின் பள்ளியைச் சொன்னான். "அங்கிள் நினைவு நாள் பிரேயருக்குக்கூட வந்திருந்தேனே" என்றான். அதற்கு மேல் அம்மா எதை யோசிப்பாள்? நம்பரைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடியிருக்கிறாள்.

நல்ல நேரம், கோவளம் பக்கத்திலிருந்து வரும் நம் மீன்கார அக்கா கூடையோடு வந்து நின்றாள். நீங்கள் விலை பேசியே சிநேகம் பிடித்தவள்தான்.

"இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று கூடையை இறக்கிவிட்டு, விஷயத்தைக் கேட்டு, போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யாருப்பா நீ? இந்த வூட்டுக்கு வந்துகீறியா?"

"அடிக்கடி வருவேங்க. ஆன்ட்டி கையால சாப்பிட்டிருக்கேன்."

"அப்டியா? இந்தம்மா இன்னா மீனு துன்னும், சொல்லு பாப்போம்."

தொண்டையைக் கனைத்தானாம். பிறகு, "வஞ்சிரம்" என்றானாம்.

"அட கய்தே! பெரியவரு போன நாள்லேர்ந்து இது மீனே துன்றதில்ல. பொண்ணு வந்தா மட்டும் வாங்கி ஆக்கிப் போடும். வைடா போனை!"

அன்று மத்தியானம் அக்கா இதை எனக்கு நடித்துக் காட்டியபோது அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா மீன் சாப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியாது அப்பா. மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் அவள் வைத்த குழம்பைத் தின்றிருக்கிறேன். அவள் தட்டைப் பார்த்ததே இல்லை. ஊரார் விஷயத்தைக் கண்டுபிடிக்கப் படிக்கிறேனாம்!

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். உங்களைப் பற்றி எல்லோரும் எழுதியதை ஒரு நோட்டில் கையால் எழுதினேன், ஒரு வரி விடாமல். பிறகு அந்த அஞ்சலியை அழித்தேன். அழிந்ததா என்றும் தெரியவில்லை. எவனாவது பிரதி எடுத்து வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் சார்.

இப்போது மூன்றாம் ஆண்டு. அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். நான் போட்டோ மட்டும் போதும் என்கிறேன்.

"அப்பா பேருகூடவா வேணாம்? பேரில்லாம போட்டா யாரோ செத்துட்டாங்கன்னு தள்ளிட்டுப் போவாங்கடி."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் பேப்பரின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு, "இவன் நம்ம கூடப் படிச்சவன்டி" என்று பல்லாவரத்துக்கு பஸ் ஏறிப் போய், முன்பின் தெரியாத பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தீர்கள். பெயரும் முகவரியும் இருந்ததால்தானே? அதே மாதிரி ஒரு அஞ்சலியைத்தான் அந்த போன்காரனும் படித்தான். உங்களைப் போல ஒருவர் எங்கேயோ இருந்து நம் வீட்டைத் தேடி வருவதாக இருந்தால், அவருக்கும் சேர்த்தல்லவா கதவை அடைக்கிறேன்? நான் செய்வது சரியா அப்பா? நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். இனி நம் வீட்டார் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அம்மா ஒரு வார்த்தை கேட்க வேண்டும். என்ன வார்த்தை வைப்பது? மீன் கேள்வி இனிச் செல்லாது, அக்காவே அவனிடம் போட்டு உடைத்துவிட்டாள். அம்மாவின் சொந்த ஊர் பழைய அஞ்சலியில் வந்துவிட்டது. கடைசியில் அம்மாதான் சொன்னாள், நீங்கள் வீட்டுக்குள் மட்டும் என்னைக் கூப்பிடும் அந்தப் பெயரை வைப்போம் என்று.

படித்த வித்தையெல்லாம் போட்டு அந்தப் பெயரைத் தேடினேன். உங்கள் பெயரோடு, என் பெயரோடு, வீட்டுப் பெயரோடு. எங்கும் இல்லை. ஒன்றும் கிடைக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

நேற்று அம்மாவுக்கு போன் செய்தேன். "யாரு? வார்த்தையைச் சொல்லு" என்றாள் கறாராக. விளையாட்டு என்று நினைத்துச் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. என் வாயாலேயே சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் அம்மா பேச்சை மாற்றினாள்.

"சரி, ஞாயித்துக்கிழமை வா. மீன் வாங்கி வைக்கறேன்."

"நீயும் சாப்பிடுவியாம்மா?"

போனை வைத்துவிட்டாள்.

அஞ்சலியில் உங்கள் போட்டோ மட்டும்தான் வரும், ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. நினைவு நாளன்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜெபம் முடிந்ததும் அம்மா எழுதிய எல்லாப் பெயர்களையும் நானே எழுந்து நின்று உரக்க வாசிப்பேன். சின்னச் சித்தி பெயரை இரண்டு தடவை. அம்மா தட்டில் ஒரு துண்டு மீன் விழும்வரை நான் சாப்பிட மாட்டேன். ஊரறியப் போடும் இந்தக் கடிதத்தை யார் யாரோ படிப்பார்கள், அதனால் கீழே என் பெயர் இல்லை. நீங்கள் வைத்ததும் இல்லை. அது எங்கும் எழுதப்படாமல் என்னோடும் அம்மாவோடும் இருக்கும்.

அந்தப் பெயர் சொல்லி நீங்கள் கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடிவரும்,
உங்கள் மகள்