நேர்காணலுக்கு வந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை என் பெருவிரல் மெஷினில் பதியவே இல்லை. பென்ஷன் வாங்குகிறவன் உயிரோடு இருக்கிறான் என்று வருடா வருடம் காட்டுகிற நேர்காணல், இப்போது விரலை வைத்தால் முடிந்துவிடுகிறது. "அய்யா, இன்னொரு வாட்டி அழுத்துங்க" என்றாள் கவுன்டர் பெண். நான்காவது தடவைதான் பதிந்தது. அதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. உங்கள் விரல்தான் கண்முன் நின்றது.

பட்டு நூல் சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்த விரல் அது. பள்ளிக்கூட வாட்ச்மேனாக இருந்த உங்கள் கணவர் போனபின், குடும்ப பென்ஷனுக்காக ஒவ்வொரு கோடையிலும் சேவூரிலிருந்து டவுன் பஸ் ஏறி ஆரணிக் கருவூலத்துக்கு வருவீர்கள். என் மேஜைக்கு முன் நின்று, "இந்த வருஷமும் சாவல தம்பி, எழுதிக்கோ" என்பீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். வயலெட் மை தடவி உங்கள் விரலைப் பதிவேட்டில் நானே உருட்டுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் எங்கள் பென்ஷன் செக்ஷனில் நான்கு பேர். பிறகு அரசாங்கம் ஆள் எடுப்பதையே நிறுத்தியது. ரிட்டையர் ஆனவர்களின் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. கடைசியில் நான் ஒருத்தன். அதிகாரிக்கும் இரண்டு ஊர் பொறுப்பு. அப்படி ஒரு வருடம் நேர்காணல் பதிவேட்டை அவர் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், துண்டுச் சீட்டுகளில் ரேகை வாங்கினேன்.

"புக்குல இல்லாம சீட்டுல வெக்கிறியே, உட்டுட மாட்டியே?" என்று கேட்டீர்கள்.

"என் மேல நம்பிக்கை இல்லையா அக்கா? புக்கு வந்ததும் நானே ஏத்திடறேன்."

மை காயாத சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது என் மடத்தனம். உங்கள் சீட்டு வேறொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டது. பதிவேடு வந்து ஏற்றும்போது அது என் கண்ணில் படவில்லை. கெடு முடிந்த அன்று, பதிவேட்டில் வெறுமையாக இருந்த பெயர்களுக்கு நேரே 'நேரில் வரவில்லை' முத்திரையை மளமளவென்று குத்திக்கொண்டே போனேன்.

ஆகஸ்டில் வந்தீர்கள். "நான் செத்துட்டேன்னு நிறுத்திட்டாங்களாமே தம்பி." அன்று யாரும் சிரிக்கவில்லை. பென்ஷனைத் திரும்பத் தரச் சொல்லி மாவட்ட ஆபீசுக்கு எழுதினேன். அங்கே அந்த நாற்காலியிலும் ஆள் இல்லை. நீங்கள் மறுபடி வந்தீர்கள். சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு இருப்பதாகச் சொன்னீர்கள். மூன்றாவது தடவை வந்தபோது, ஐயோ, நான் கத்தினேன்: "நாலு பேர் வேலைய ஒருத்தன் பாத்துகினு கீறேன். சும்மா சும்மா வந்து பேஜார் பண்ணாதீங்க!"

நீங்கள் திருப்பிக் கத்தவில்லை. "சரிப்பா, நீயும் பாவம், எத்தினி பேருக்குத்தான் பாப்ப" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினீர்கள். நான் அடுத்த ஃபைலை எடுத்தேன்.

பிறகு நீங்கள் வரவில்லை. தீபாவளி கழிந்து உங்கள் மகள் இறப்புச் சான்றோடு வந்தாள். அதற்கு யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அரை மணியில் உங்கள் பெயரை அடித்து முடித்தேன். பென்ஷனை மீண்டும் தரலாம் என்ற உத்தரவு பத்து நாள் கழித்துத் தபாலில் வந்தது.

மாற்றலாகிப் போகும்போது அந்த வருடத்துச் சீட்டுக் கட்டைப் பிரித்தேன். ஒட்டிக்கிடந்த இரண்டு சீட்டுகளில் ஒன்று உங்களுடையது. அன்று யாரிடமும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உங்கள் மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஆள் போடாதது அரசாங்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுக்கியது நான், கத்தியதும் நான். கோடை வந்தால் இன்றும் என் வீட்டுப் படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லை.

அந்தச் சீட்டு என் பென்ஷன் புத்தகத்துக்குள் இருக்கிறது. மை மங்கிவிட்டது. ரேகைக்குக் கீழே நான் எழுத வேண்டிய வரி காலியாகவே கிடந்தது. இன்று வீட்டுக்கு வந்ததும் சேவூருக்குப் போக பஸ் நேரம் விசாரித்து வைத்தேன். உங்கள் மகள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அதற்கு முன் பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினேன்:

'மேற்படி நபர் என் முன் நேரில் வந்தார். உயிருடன் இருந்தார்.'