குப்புறப் படுத்த இருவர்

சனிக்கிழமை, இரவு

முழங்கை இன்னும் எரிகிறது.

இன்று லண்டன் லூயிஷாம் சந்தையில் எங்கள் அணுவாயுத எதிர்ப்புக் குழுவின் போராட்டம். ஒலிபெருக்கியில் சைரன் ஊதியதும் நாங்கள் செத்தவர்களைப் போல் தரையில் கிடக்க வேண்டும். அதற்குச் சற்று முன்தான், எங்கள் தெருவில் இருக்கும் உக்ரேன்காரி ஒக்சானா நான் கொடுத்த துண்டுப்பிரசுரத்தைத் திருப்பித் தந்தாள்.

"எங்களிடம் இருந்த அணுகுண்டுகளை ரஷ்யாவிடமே கொடுத்துவிட்டோம். கொடுக்காமல் இருந்திருந்தால் என் வீட்டை இடித்திருப்பார்களா?"

குரலில் கோபமில்லை, களைப்புத்தான். பதில் சொல்ல வாயெடுத்தேன். சைரன் ஊதிவிட்டது.

குழுவில் எல்லோரும் மல்லாந்து கிடந்தார்கள். அவர்களில் நான் மட்டும் குப்புற விழுந்து, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கைகளை ஊன்றி, காதைப் பொத்தி, வெடியதிர்வில் செவிப்பறை கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் குண்டு போட பொம்பர் விமானங்கள் வந்த நாட்களில் பழகியது. அமைப்பாளர் மார்கரெட் குனிந்து, "திரும்பிப் படுங்கள், நீங்கள் இறந்துவிட்டீர்கள்" என்றார் அன்பாக. என்னால் திரும்ப முடியவில்லை.

வீட்டில் இவர் கேட்டார்: "முழங்கை ஏனப்பா உரஞ்சிக் கிடக்கு? விழுந்திட்டீரோ?"

"ஓம், விழுந்திட்டன்."

மிச்சத்தைச் சொல்லவில்லை. அணுகுண்டு எவரிடமும் இருக்கக்கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

சந்தையில் அந்தச் சைரன் ஊதியபோது, போராட வராத ஒக்சானாவும் என் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். வாயைத் திறந்து வை என்று சொல்லத் திரும்பினேன். அவள் ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தாள்.