அவள் சொல்லி முடிக்கட்டும்

ஜூன் 4

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வரும் கண் டாக்டர் இன்று என் கண்ணையே சோதித்தார். "கண்ணுல கோளாறே இல்ல. தலைவலி, தூக்கமில்லாதது, எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறது, இதுக்கெல்லாம் ஒரே மருந்துதான். வீட்டுக்குப் போனதும் போனை அணைச்சு வைங்க" என்றார். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பார்வை சோதிக்கிறவளுக்கே உபதேசம்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. தன் போனையும் அணைத்து என் கையில் கொடுத்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 5

வீடு இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

இப்போதுதான் உறைக்கிறது. அவளும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் போனில்தான். பக்கத்து அறையில் இருந்துகொண்டே "பசிக்குது" என்று எழுதுவாள். "வா" என்று எழுதுவேன். சின்ன வயதிலிருந்து அவளுக்குத் திக்குவாய். எழுத்தில் திக்காது; அங்கே அவளுக்கு வாய் காது வரை நீளும். எல்லாரையும் கிண்டல் செய்வாள், என்னையும் சேர்த்து.

இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. போனை எடுத்துவிட்டால் எனக்கு மகளே இல்லையா?

ஜூன் 7

சண்டை. சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அம்மா, நாளைக்கு எனக்கு மே... மே..."

"மேக்ஸ் டெஸ்டா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"மேலுக்கு முடியலையா? மேல் சட்டை வேணுமா?"

தட்டோடு எழுந்துவிட்டாள். அறை வாசலில் நின்று, முகமெல்லாம் சிவக்க, திணறித் திணறி ஒரு வழியாகச் சொன்னாள்: "நீயும் ப... போன் மாதிரியே அடுத்த வார்த்தைய நீயே கா... காட்டுறே." கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? புள்ள திணறுதேன்னு எடுத்துக் கொடுத்தேன். பெத்தவ பார்த்துக்கிட்டுச் சும்மா உட்கார முடியுமா?

ஜூன் 8

மேட்ச்.

அவள் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாளாம். என்னை வந்து பார்க்கச் சொல்லத்தான் நேற்று வாயெடுத்திருக்கிறாள். மேட்ச் முடிந்த பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "நான் எதுவும் கேக்கல. வீட்டுக்கு வந்ததும் பேசாம பக்கத்துல இருந்தேன், அவளே சொன்னா. நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாம இருந்திருந்தா உன்கிட்டயே சொல்லியிருப்பா."

நான் போகவில்லை. அழுகையாக வருகிறது.

ஜூன் 9

கடையில் ஒரு பெரியவர் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியில் தடுமாறினார். பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், பெருமூச்சு விட்டார். நான் பேசாமல் நின்றேன். எழுத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தப்பான கண்ணாடியோடு போவார். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தது இது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் மீறியதில்லை.

முன்பின் தெரியாத ஆளுக்கு இருக்கிற பொறுமை, வீட்டு வாசலைத் தாண்டியதும் எங்கே போகிறது?

ஜூன் 10

இன்று நான் குறுக்கே பேசவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்து நாக்குதான் புண்.

ஜூன் 13

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். மேட்சில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல் வராதபோது அவள் கண் என்னை விட்டுப் போகிறது, சொல் வந்ததும் திரும்ப என்னிடம் வருகிறது. இதை நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில்தான் எப்போதும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

உள்ளுக்குள் பழையபடி ஊகித்துக்கொண்டேதான் இருந்தேன். தோற்றதால் அழுதேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். எதிரணிப் பெண்ணுக்குச் செருப்பு அறுந்துபோய், தன்னுடையதைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்ததாகச் சொன்னாள். பயந்தேன் என்பாள் என்று நினைத்தேன். கோச் விசில் ஊதும்போது அவர் மீசை நடுங்குவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்றாள். நான் நினைத்தது ஒன்றுகூட வரவில்லை. ஒன்றுகூட.

என் வயிற்றில் பிறந்தவள், என் கூடவே வளர்ந்தவள். இவளுக்குள் இவ்வளவு இருக்கிறதா? மெய்சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா அப்படிப் பா... பார்க்குறே?" என்றாள்.

ஜூன் 15

டாக்டர் தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதை மறந்தே போயிருந்தேன்.

ஜூன் 18

விளையாட்டு கிளப்பில் சேர்க்க அவளை அழைத்துப் போனேன். எங்களுக்குப் பின்னால் நீளமான வரிசை. கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமலே கேட்டாள், "பேரு என்னம்மா?"

என் வாய் தானாகத் திறந்துவிட்டது. எந்த இடத்தில் யார் கேட்டாலும் நான்தான் சொல்வேன். மூடிக்கொண்டேன்.

மகளுக்கு முதல் எழுத்திலேயே அடைத்துக்கொண்டது. பின்னால் ஒருவர் கனைத்தார். கவுண்டர் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மகளையே பார்த்தேன். அந்தப் பெண்ணும் அவளைப் பார்த்தாள். மகள் கண் எங்கேயோ போனது. காத்திருந்தோம்.

வந்தது. முழுசாக, கடைசி எழுத்து வரைக்கும்.

அந்தப் பெயரை வைத்தவள் நான். வாய் ஓயாமல் கூப்பிடுகிறவளும் நான். அவள் வாயால் அதைக் கேட்டது இன்றுதான். இவ்வளவு அழகான பெயரா அது?