ஹென்ஷாவுக்குக் கொடுத்த இரண்டு நிமிடம்

அன்புள்ள ஜோஸிக்கு அம்மா எழுதுவது,

நானும் டெஸ்ஸும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டுக் கிடைத்த நேரத்தில் தூங்கி அப்படியே இருக்க வேண்டும். ஜப்பானில் புழுக்கம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய், இங்கேயும் ஆகஸ்ட் மாதம் அப்படித்தான் போகிறது, ஜன்னல்களைத் திறந்தே போட்டிருக்கிறேன். பிப்ரவரிக்குப் பிறகு நான் உனக்கு ஒழுங்காக எழுதவில்லை என்பது உண்மைதான். "பள்ளி வாரியக் கூட்டத்தின் வீடியோவை இப்போதுதான் பார்த்தேன், நீ ஏன்மா பேசவே இல்லை" என்று கேட்டிருந்தாய். போனில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன், எழுத்தில் கேட்டதால் எழுத்திலேயே சொல்கிறேன்.

அன்று நான் சொல்லாதவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். என் சின்ன மகள் டெஸ்ஸுக்கு ஏழு வயது, அவள் எந்த வண்டியிலும் ஏறமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவளுடைய அப்பா இறந்த விபத்தில் அவள் பின் இருக்கையில் இருந்தாள், அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அன்றிலிருந்து கார்க் கதவு திறக்கும் சத்தத்துக்கே வாந்தி எடுக்கிறாள் என்று சொல்லவில்லை. ஆல்டர் ஹில் பள்ளிக்கு நடந்து போக முடிகிறது, அதனால்தான் அவள் பள்ளி என்று ஒன்றுக்குப் போகிறாள், லோரிமர் பள்ளிக்கு மாற்றினால் பஸ்ஸில்தான் போக வேண்டும், பஸ் என்றால் அவளுக்குப் பள்ளியே கிடையாது என்றும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. வாரியத்தில் இருந்த ஏழு பேருக்கும்தான் தெரியாது. சமையலறையில் அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்திருந்தேன், ஒருவருக்குக் கொடுக்கும் இரண்டு நிமிடத்துக்குள் தாராளமாக அடங்கியது.

நீ போன பிறகு குன்றின் பின்பக்கம் புது வீடுகள் நிறைய வந்துவிட்டன. ஆல்டர் ஹில்லில் இடம் போதாமல் மைதானத்தில் தகர அறைகள் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள், நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் லோரிமரில் வகுப்பறைகள் காலியாகக் கிடக்கின்றன. அதனால் எல்லையை மாற்றி வரையப் போவதாகவும் நம் சுமாக் தெருவை முழுசாக லோரிமருக்குத் தள்ளப் போவதாகவும் குளிர்காலத் தொடக்கத்தில் சேதி வந்தது. எதிர்வரிசை வேட் ஹென்ஷாவை உனக்கு நினைவிருக்கும், டெஸ்ஸோடு கைகோத்துப் பள்ளிக்கு நடக்கும் பேஜின் அப்பா. தெருவைத் திரட்டியது அவன்தான். இரண்டு வரிசைக்காரர்களையும் தன் வீட்டு வரவேற்பறையில் உட்காரவைத்து, அவன் மனைவி மரியன் செய்த மிளகாய் பீன்ஸைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்து, யார் யார் என்ன பேச வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தான். 'ஒரே தெரு ஒரே பள்ளி' என்று அச்சடித்த பச்சை டி-ஷர்ட்டை வீடு வீடாகக் கொண்டுவந்து தந்தான். சொந்த வீட்டு வரிசைக்காரர்கள் நம் வாடகை வரிசைக்கு வந்து படியில் நின்று பேசியது இத்தனை வருடத்தில் அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிப்ரவரியில் கூட்டத்தன்று டெஸ்ஸை மரியனிடம் விட்டுவிட்டு வேட்டின் காரில்தான் போனேன். உயர்நிலைப் பள்ளி அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு நிறச் சட்டையில், பந்தயம் பார்க்க வந்தவர்கள் மாதிரி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் உங்கள் பேரப்பிள்ளை எந்தப் பள்ளி என்று கேட்டேன். "எனக்குப் பேரனும் இல்ல பேத்தியும் இல்லம்மா, வீட்ல ஹீட்டர் செத்துப்போச்சு, இங்க இதமா இருக்குதுல்ல" என்றார். கை தட்டினால் நேரம் வீணாகிறது, பிடித்திருந்தால் கையை மேலே தூக்கி ஆட்டுங்கள் என்று வாரியத் தலைவியம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டாள், ஆகவே ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அரங்கம் முழுக்கக் கைகள் சத்தமே இல்லாமல் ஆடின. தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. பேசுகிறவர் முன்னால் ஒரு சின்ன விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் மைக்கை நிறுத்திவிடுவார்கள். பேர் கொடுத்தவர் தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுத்தரலாம் என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது, அப்படித் தந்தால் வாங்கியவர் நான்கு நிமிடம் பேசலாம்.

வேட் கேட்டது அதைத்தான். வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது என் தோள் பக்கம் குனிந்து, "லீயான், உன் ரெண்டு நிமிஷத்த எனக்குக் குடுத்துடேன். நீ மைக்குக்கு முன்னாடி நின்னு அழுதேன்னா அது காலத்துக்கும் வீடியோல கெடக்கும். டெஸ்ஸப் பத்தி நானே பதமா சொல்லிடறேன், என்னை நம்பு" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்ததும் அதையேதான். நான் படித்த புத்தகங்களில் எத்தனையோ பேர் சபையில் எழுந்து தங்கள் துக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள், படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மைக்குக்கு முன்னால் அந்த நீலத் தரைவிரிப்பில் நின்று, ஒரு பள்ளி இடத்துக்காக, உங்கள் அப்பாவை எடுத்து எல்லார் முன்னாலும் செலவழிப்பதாக எனக்குத் தோன்றியது. நாளைக்கு டெஸ் வகுப்பில் யாராவது அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்பார்கள் என்றும் தோன்றியது. பேர் கூப்பிட்டதும் எழுந்து, என் நேரத்தைத் திரு. ஹென்ஷாவுக்குத் தருகிறேன் என்றேன். நீ வீடியோவில் பார்த்தது அதுதான், அன்று நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

எனக்கு முன்னால் லோரிமரிலிருந்து நாடீன் என்று ஒரு பெண் பேசினாள், அதை நீ பார்த்தாயா தெரியவில்லை. அவள் சட்டையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "சாயங்காலத்துலேருந்து அந்த ஸ்கூல் அந்த ஸ்கூல்னு சொல்லிக்கிட்டிருக்கீங்க, ஏதோ ஜெயிலுக்கு அனுப்புற மாதிரி. எம் பையன் இங்கதான் உக்காந்திருக்கான். நீங்க ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் அவன் என் மூஞ்சியத் திரும்பிப் பாக்கறான், நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள். சில கைகள் ஆடின. பச்சைச் சட்டைக்காரர்கள் யாரும் ஆட்டவில்லை, நானும் ஆட்டவில்லை. பிறகு வேட் போனான். முதல் மூன்று நிமிடம் நன்றாகப் பேசினான். தினமும் காலையில் இரண்டு சின்னப் பெண்கள் கைகோத்துக்கொண்டு சுமாக் தெருவில் நடந்துபோவதைச் சொன்னான். இதோ அடுத்து டெஸ்ஸைப் பற்றி வரும் என்று நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டேன். விளக்கு மஞ்சளாக மாறியது. அவன் சட்டைப்பையிலிருந்து மடித்த வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தான். "உங்களுக்கும் ஒரு எண்ணிக்கை தேவைங்கறது புரியுது. தெரு முழுசையும் எடுக்க வேண்டியதில்லங்க, தெருவோட நடுக்கோட்ட எல்லையா வச்சீங்கன்னா மேற்கு வரிசை மட்டும் போகும், உங்க கணக்கு சரியா வந்துடும். அந்த வரிசை வாடகை வீடுங்க, எப்படியும் ரெண்டு மூணு வருஷத்துல மாறிக்கிட்டேதான் இருப்பாங்க, பிள்ளைங்களுக்கும் அது பழக்கம்தான்" என்றான். கோடு நேராக இருந்தது, அடிக்கோல் வைத்துப் பச்சை மையில் போட்டிருந்தான். சிவப்பு விளக்கு வருவதற்குள் முடித்துவிட்டான். அரங்கம் எங்கும் கைகள் எழுந்து ஆடின. என் கையும் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெரியவர் என்னைப் பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

நாம் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஹென்ஷா குடும்பம் வந்தது நமக்குப் பிறகுதான். அதையும் நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போதும் அவன் காரில்தான் வந்தேன், வேறு எப்படி வருவது. இருக்கையைச் சூடாக்கும் பொத்தானை எனக்காக அவனே அழுத்திவிட்டான், முதுகு இதமாக இருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும், "லீயான், இத மனசுல வச்சுக்காத. ரெண்டு வரிசையும் போறதுக்குப் பதிலா ஒண்ணாவது மிஞ்சுமேன்னு பாரு. டெஸ் விஷயத்த அந்த நேரத்துல கொண்டுவந்தா அழுது காரியம் சாதிக்கறாங்கன்னு நெனச்சுடுவாங்க" என்றான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், பனியை ஓரத்தில் ஒதுக்கிக் குவித்து வைத்திருந்தார்கள். அவன் வீட்டில் டெஸ்ஸும் பேஜும் ஒரே போர்வைக்குள் தூங்கிப்போயிருந்தார்கள். மரியன் மிச்சமிருந்த மெக்ரோனியை டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்து, எப்படிப் பேசினார் என்று கேட்டாள், அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நன்றாகப் பேசினார் என்றேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிவிட்டு டெஸ்ஸைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தேன். கோபம் வரும் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன், ஜோஸி. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்பார்களே, என் மேஜைக்கு முன்னால் தினம் பார்க்கிறேன், அந்த மாதிரித்தான் இருந்தது, கடித்தால் வலிக்க வேண்டும் என்று தெரிகிறது, வலிக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை.

மார்ச்சில் ஓட்டெடுத்தார்கள், ஐந்துக்கு இரண்டு. நடுக்கோடுதான் எல்லை. அதன் பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் டெஸ்ஸின் கதை முழுவதையும் மேஜைக்குப் பின்னாலிருந்த ஒரு பெண்ணிடம் சொன்னேன், அப்போது வார்த்தை தடங்கலில்லாமல்தான் வந்தது. பழைய பள்ளியிலேயே படிக்க விதிவிலக்கு, கடைசி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம். "ஐயோ பாவம், ஓட்டுக்கு முன்னாடியே இத யாராவது சொல்லியிருக்கலாமே" என்றாள், உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். கோடையில் ஒருநாள் பிள்ளைகள் பஸ் ஏறிப் பழக ஏற்பாடு செய்திருந்தார்கள். ஓட்டுநர் எஞ்சினையே அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார், டெஸ் முதல் படியில் ஒரு காலை வைத்தாள், எடுத்துவிட்டாள், என் செருப்பின்மேல் வாந்தி எடுத்தாள். போன வாரம் கடையில் வரிசையில் நிற்கும்போது நாடீன் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க நிமிஷத்தத் தானம் பண்ணுனவங்கதானே" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன், என்ன செய்வது. அன்று அவள் பேசியதற்குக் கை ஆட்டாமல் உட்கார்ந்திருந்ததைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "நடந்து வர்றதா இருந்தா மேம்பாலத்துல வடக்குப் பக்க நடபாதைல வாங்க, தெக்குப் பக்கம் பாதியில நின்னுடும். எங்க புள்ளைங்க நெறய பேரு நடந்துதான் வர்றாங்க. அடுத்த தடவ உங்க நிமிஷத்த நீங்களே வச்சுக்குங்க" என்றாள். நேற்று நானும் டெஸ்ஸும் நடந்து பார்த்தோம். பாலத்தின் மேல் லாரிகள் போகும்போது காலுக்குக் கீழே அதிர்கிறது, அங்கே மட்டும் அவள் கண்ணை மூடிக்கொண்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் வேலை நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் பல் டாக்டர் சொல்லியிருக்கிறார், பனி விழும்வரை. அதற்குப் பிறகு என்ன என்று நான் யோசிக்கவில்லை. வேட் தோட்டத்தில் நின்றால் இப்போதும் கையை உயர்த்துகிறான், நானும் உயர்த்துகிறேன். அந்தப் பச்சைச் சட்டையை நான் தூக்கி எறியவில்லை, துணி நல்ல துணி, டெஸ் போட்டுக்கொண்டு தூங்குகிறாள், முழங்கால்வரை வருகிறது.

இதை எல்லாம் படித்துவிட்டு நீ வேட்டுக்கு எதுவும் எழுதாதே, பேஜ் பாவம். உன் கோபத்தை உன்னோடு வைத்துக்கொள், எனக்கு வரவேண்டியதும் சேர்ந்து உனக்கே வந்தாலும் சரி. உன் அப்பா இருந்து என்ன சொல்லி உன்னை வாழ்த்துவாரோ அதையே நானும் சொல்கிறேன், கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், கூட இருப்பவர்கள் நல்லவர்களாக அமையட்டும், எங்கே தூங்கினாலும் நிம்மதியாகத் தூங்கு. வலது கடைவாய்ப்பல்லைக் காட்டச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டேன், கப்பலில் பல் மருத்துவர் இல்லாமலா இருப்பார், காட்டிவிட்டு எழுது. டெஸ்ஸுக்குத் தனியாக ஒரு படம் போட்ட அட்டை அனுப்பு, அதில் கப்பல் வேண்டாம், மலை ஏதாவது இருக்கட்டும்.

மாறாத அன்புடன்,
உன் அம்மா
லீயான்

பி.கு. நேற்று எழுதி உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று பள்ளி திறந்தது. பஸ் வந்து நம் வரிசைக்கு முன்னால் நின்றது, மற்றப் பிள்ளைகள் ஏறினார்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் பேஜ் தனியாக ஆல்டர் ஹில் பக்கம் போனாள், டெஸ் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஓட்டுநர் கதவை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. நாங்கள் வடக்குப் பக்கமாக நடந்தோம், போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருந்தது.