சிவப்புத் துணி கட்டாத நிலம்

இன்று காலை புதுக் கேனின் மூடியைத் திறந்தேன். அதே நாற்றம். அழுகின எறா மீனையும் பெயின்ட் கடையையும் ஒன்றாகக் கலந்த மாதிரி, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளுமே, அது. எண்ணூர்க்காரி மூக்குக்கு எந்த நாற்றமும் நாலு நாளில் பழகிவிடும் என்பாய். எனக்கு இது மட்டும் பழகவில்லை.

பக்கத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உன் மருமகள் நின்றாள். ஆமாம், கலாதான். களை மருந்து அடிக்கிற நம் கும்பலில் ஒரு ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். சூப்பர்வைசர் உன் மருந்து டேங்கையே எடுத்து அவள் முதுகில் மாட்டினான். வாரில் நீ போட்ட தையல்கூடப் பிரியவில்லை.

நான் மருந்தை ஊற்றித் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தேன். உன் கூட்டாளி என்பதால் என்னைச் சித்தி என்றே கூப்பிடுகிறவள் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: “சித்தி, அத்தை குட்ச்சது இதத்தான?”

நீ மருந்தைக் குடித்து உயிரை விட்டாய் என்றும், இவளோடு போட்ட சண்டையில்தான் குடித்தாய் என்றும் ஊர் பேசி ரெண்டு வருஷமாகிறது. அவளும் அதை நம்பித்தான் இத்தனை நாள் தலை குனிந்து நடந்திருக்கிறாள். அப்படி இல்லை என்று தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தி நீ, போய்ச் சேர்ந்துவிட்டாய். இன்னொருத்தி நான். வாயைத் திறக்காமல் தண்ணீரைக் கலக்கினேன். வீட்டுக்கு வந்ததும் சோறுகூடத் தின்னாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் எட்டுப் பேராகக் கத்தியும் மண்வெட்டியுமாகத் திரிந்த காலம் நினைவிருக்கிறதா? கால்வாய்க்கரை, ரயில்வே லைன் ஓரம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள புறம்போக்கு, எங்கே பார்த்தாலும் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும்தான். வெட்டிவிட்டுத் திரும்பினால் துளிர்த்து நிற்கும். பார்த்தீனியம் பட்டு உன் முழங்கை வரைக்கும் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருக்கும். “இந்தச் செடி எனுக்கு ஒரகத்திமே. நானும் வுட மாட்டேன், அதுவும் வுடாது” என்பாய்.

அப்புறம் கான்ட்ராக்ட் கை மாறி, புது சூப்பர்வைசர் டேங்கோடு வந்து இறங்கினான். “இதெல்லாம் வெளிநாட்டுக் களை. கவர்மென்ட் நெலத்தையே முழுங்கிடுச்சி. மருந்தடிச்சா ஒரே நாள்ல கருகிடும்” என்றான். நீ சும்மா இருந்தாயா? “எத்தினி தலைமுறையா இங்க கீது சார் அது, இன்னுமா வெளிநாடு? நாளைக்கு எங்களையும் வெளியூர்க்காரங்கன்னு சொல்லி மருந்தடிச்சிடப் போறீங்க” என்றாய். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். அந்த மாதமே நாலு பேரை வேலையைவிட்டு நிறுத்தினான்.

மிஞ்சின நாலு பேருக்கும் நீதான் சட்டம் போட்டாய். அடிப்பதற்கு முன்னால் நிலத்தைச் சுற்றி வந்து குரல் கொடுக்க வேண்டும். “மருந்தடிக்கப் போறோம், ஆட்ட ஓட்டிக்கோ, புள்ளைங்கள உள்ள இட்டுக்கோ!” என்று நீ கத்தினால் அடுத்த தெருவில் நாய் எழுந்து ஓடும். அடுத்தது கீரை. மூக்கிரட்டை, குப்பைக்கீரை என்று நிலத்தில் இருக்கிற நல்லதை மடி நிறையப் பறித்த பிறகுதான் டேங்கைத் தூக்க வேண்டும். வெட்டுகிற காலத்திலிருந்து வந்த வழக்கம், அதை விடக்கூடாது என்றாய். அடித்து முடித்ததும் நாலு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி இருக்கிற நிலத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒருத்தியாக யாரும் மருந்தடிக்கப் போகக் கூடாது. துணிக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு உன் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து டர்ரென்று கிழித்தாய். “அந்த மன்ஷனுக்குக் கட்டிக் காட்டினு இன்னா கண்டேன். இதுக்காவது ஒதவட்டும்” என்றாய். எண்ணூர் முழுக்க உன் புடவை பறந்தது.

அந்தச் சட்டத்தை உடைத்தவள் நான்.

என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மணலி புதுநகரில் என் அண்ணன் வீட்டில் வைத்து ஏற்பாடு. முதல்நாள் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். “நாளைக்கு ஆபீசருங்க பாக்க வராங்க. பள்ளிக்கூடத்துப் பின்னாடி இருக்குற நெலத்த இன்னைக்குச் சாயந்தரமே முடிச்சிட்டுப் போ, லீவு எடுத்துக்க” என்றான். உங்கள் மூன்று பேரில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். மகளுக்குப் பூ வாங்கவேண்டும், புடவை அயர்ன் செய்யவேண்டும் என்று அவசரம். ஒருத்தியாகப் போனேன். சீக்கிரம் கருகட்டும் என்று ரெண்டு மூடி கூடவே ஊற்றினேன். பொழுது சாய்கிற நேரம், சுற்றிலும் யாருமில்லை. குரலும் கொடுக்கவில்லை.

துணியும் கட்டவில்லை. கட்டினால் காலையில் நீ பார்த்துவிட்டு, “எவ தனியாப் போனா?” என்று தெருவையே கூட்டுவாய். உன் வாய்க்குப் பயந்தேன், அவ்வளவுதான். நாளைக்கு வெயில் ஏறினால் செடி தானே கருகி, மருந்தடித்த நிலம் என்று காட்டிக்கொடுக்கும், அதற்குள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் நீ வந்தாய்.

உனக்குக் கால் வீங்கிக்கொண்டிருந்தது. கிட்னி சரியில்லை என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மூக்கிரட்டையைப் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் வீக்கம் வடியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீ மட்டும் குடிப்பாய். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அன்றைக்கு இருட்டுப் பிரியும்போது போய், பனியில் பளபளவென்று நின்ற இலையைக் கைகொள்ளாமல் பறித்து, அரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் முழுக்கக் குடித்திருக்கிறாய். அந்த நேரத்தில் நான் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் திரும்பி வந்தபோது நீ தெருவாசலில் சுருண்டு கிடந்தாய். வாயெல்லாம் வெந்திருந்தது. ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “என்னம்மா குடிச்சீங்க?” என்றார் டாக்டர். “மூக்கிரட்டைச் சாறு சார்” என்றாய். அவர் நம்பவில்லை. “களைக்கொல்லி நாத்தம் அடிக்குது. வீட்டுல ஏதாவது சண்டையா?” என்று கேட்டார். போலீஸ்காரர் நோட்டோடு வந்தார்.

சண்டை நடந்ததுதானே. முதல்நாள் லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்கக் கலா மறந்துவிட்டாள் என்று, “நான் செத்துத் தொலைஞ்சாத்தான்டி உனுக்கு நிம்மதி” என்று தெருவே கேட்கக் கத்தியிருந்தாய். நம்மில் யார்தான் அப்படிச் சொல்லாதவள்? கோபத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை சாகிறோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிகள் அதை அப்படியே ஒப்பித்தார்கள், போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

நான் உன் காதருகே குனிந்து, “எங்கமே பறிச்ச?” என்றேன். “பள்ளிக்கூடத்துப் பின்னாடி” என்றாய். என் முகத்தைப் பார்த்தாய். “நீயா?” என்றாய். தலையை ஆட்டினேன். வாய் திறக்க முடியாமல் திறந்து நீ சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் வைத்திருக்கிறேன். “கம்முனு இர்மே. பொண்ணு பாத்துட்டுப் போயிருக்கானுங்க, இப்ப போய் போலீசு கேசுன்னு ஆச்சின்னா அவ வாய்க்கை பேஜாராயிடும். நான் ரெண்டு நாள்ல வூட்டுக்கு வந்துருவேன். வந்து உன்ன வெச்சிக்கிறேன் கச்சேரி.”

ரெண்டு நாள் நன்றாகத்தான் இருந்தாய். பன்னும் டீயும் கேட்டாய், நர்ஸைக் கேலி செய்தாய். நான்கூட நம்பினேன். நாலாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. “இந்த மருந்து அப்படித்தான், முதல்ல விட்டுடுற மாதிரி விட்டு அப்புறம் நுரையீரலைப் பிடிக்கும்” என்றார் டாக்டர். அடுத்த செவ்வாய்க்கிழமை உன்னை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தண்ணீர் லாரி வந்தால் கலாவின் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள். உன் மகன் சேகர் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பான், அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவான். என் மகள் கல்யாணத்துக்கு வந்த கலா ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போனாள். நான் மணப்பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணம் முடியட்டும் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் மகளுக்குக் குழந்தை பிறக்கட்டும் என்றேன். நீயே வாயை மூடச் சொன்னாயே என்று பழியை உன் மேலேயும் போட்டுப் பார்த்தேன். சீ, என்ன ஜென்மம் நான்.

இப்போது துணி கட்டவும் விடுவதில்லை, தெரியுமா? “துணியப் பாத்தா ஜனங்க ஆயிரம் கேள்வி கேக்குறாங்க” என்று சூப்பர்வைசரே பிடுங்கிப் போடுகிறான். நிலம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. போன மாதம் கால்வாய்க்கரையில் ஆகாயத்தாமரைக்கும் அடித்தோம். ஒரு பர்லாங்குக்குத் தண்ணீர் மேல் கறுப்பாக அழுகிக் கிடக்கிறது. அதில் வலை போடுகிறவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கு மறுபடி பள்ளிக்கூடத்துப் பின்புறம் என்று சொல்லியிருக்கிறான். கலாவும் வருகிறாள்.

அன்றைக்கு இத்தோடு நிறுத்திப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்து மீதியை எழுதுகிறேன்.

மறுநாள் கலா எனக்கு முன்னால் நடந்தாள். சுவரோரம் மூக்கிரட்டை பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. “அத்தை இதத்தான அரைச்சிக் குடிப்பாங்க” என்று குனிந்து ஒரு கொத்தை ஒடித்தாள். எப்படி வந்ததோ தெரியவில்லை, அவள் கையைத் தட்டிவிட்டேன். “இத்தத்தான்டி குடிச்சா. இத்த மட்டுந்தான் குடிச்சா” என்று கத்தினேன். டேங்கை இறக்கி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லீவு, கூட ஊற்றின மூடி, கட்டாத துணி, ஆஸ்பத்திரியில் நீ சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப நான் சொன்னதால இல்லியா சித்தி?” என்றாள். எனக்குப் புரியவில்லை. “அன்னிக்கு அத்தை சாவறேன் சாவறேன்னு கத்திக்கினு இருந்தாங்கல்ல. நானும் வாய்க்குள்ளயே ‘போயேன்’னுட்டேன். யாருக்கும் கேக்கல. அத்தைக்குக் கேட்டுச்சோன்னுதான்...” முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரெண்டு வருஷமாக ஒற்றைச் சொல்லை வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறாள். அதை நான் ஒரு நிமிஷத்தில் அணைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்ததும் உன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்ட பேப்பரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவனிடமும் வாயால் ஒருமுறை சொன்னேன். அவன் குழந்தையை இறக்கிவிட்டான். “எங்கம்மாவுக்குத் தெரியுமா, நீதான்னு?” என்றான்.

“தெரியும்.”

“இன்னா சொல்லுச்சி?”

“கம்முனு இருன்னா. எம் பொண்ணுக்காகச் சொன்னா.”

அவன் அழவில்லை. பேப்பரை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “ஸ்டேஷன்ல குடுப்பேன் சித்தி” என்றான். “குடுடா” என்றேன். இதுவரை யாரும் வரவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டால் வாசலைப் பார்க்கிறேன். வேலை போகும், மகள் வீட்டில் என்ன சொல்வார்களோ, எதுவானாலும் வரட்டும்.

நீ மன்னித்துவிட்டாய், அது எனக்குத் தெரியும். அந்தக் கட்டிலிலேயே மன்னித்துவிட்டாய். அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் சோறு தின்றேன். இனிமேல் முடியாது. அன்றைக்கு நான் படியிறங்கும்போது கலா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை, சீப்பை நிறுத்தவுமில்லை.

“அத்தை சாவற நேரத்துலகூட உன்ன வுட்டுக் குடுக்கல சித்தி. நீ என்ன வுட்டுக் குடுத்துட்ட.”